காப்புக் கட்டிய கையோடு ஒரு பரீட்சை

கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில் என்று நீங்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்தால் எனக்கே மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிடலாம் போல் இருக்கிறது. ஓய்வு பெற்றவள் வந்திருக்கிறாள், நாலு புத்திமதி சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவாள் என்றுதானே நினைத்தீர்கள்? புத்திமதியெல்லாம் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுத்திருப்பார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 

மைசூரில் அரசுப் பள்ளிகளில் சமூகப் பணியாளராக இருந்தேன். அது என்ன வேலை என்று என் தங்கைக்குக் கடைசிவரை புரியவே இல்லை. "டீச்சரா?" என்பாள். இல்லை. "அப்ப ஆபீஸா?" அதுவும் இல்லை. பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் குறுக்கே எது கிடக்கிறதோ அதை நகர்த்துகிற வேலை என்று ஒருநாள் விளக்கினேன். "அப்ப லோடு தூக்கறவன்னு சொல்லு" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் தப்பில்லை.

நிவேதா என்று ஒரு பெண். ஐந்தாம் வகுப்பு. அப்பா முருகேசன், அம்மா செல்வி, இரண்டு பேருக்கும் கட்டட வேலை. சொந்த ஊர் ஹனூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தமிழ் பேசுகிற மார்டள்ளிப் பக்கம். வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் விவசாயம், இல்லாவிட்டால் மைசூர். கட்டுகிற கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகர ஷெட் போட்டு இருப்பார்கள். கட்டடம் முடிந்தால் ஷெட்டும் போய்விடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போய்விடும். எங்களிடம் வந்தபோது அவளுக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம். வந்த புதிதில் கன்னடம் ஒரு வார்த்தை வராது, மூலையில் உட்கார்ந்திருப்பாள். தீபாவளிக்குள் கன்னடத்தில் மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டாள் பாருங்கள், எனக்கு வந்த சந்தோஷம்! கணக்கு என்றால் அவளுக்கு வெல்லக்கட்டி.

அந்த வருடம் அவள் அப்பா அம்மாவுக்கு அடுத்த வேலை குடகுப் பக்கம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அங்கே ஷெட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லை. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது: அரசு உறைவிடப் பள்ளி. நுழைவுப் பரீட்சை எழுதி இடம் கிடைத்துவிட்டால் ஆறிலிருந்து பத்து வரை அங்கேயே தங்கல், சாப்பாடு, படிப்பு. கட்டடம் எங்கே எழும்பினால் என்ன, இடிந்தால் என்ன, பிள்ளை ஒரே இடத்தில் இருந்து படிப்பாள். இடம் கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு பழைய வினாத்தாள்களை எல்லாம் கரைத்துக் குடித்தாள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு, மைசூரில். அதற்கு முன்னால் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்று குடும்பத்தோடு கிளம்பினார்கள். அந்தப் பக்கத்தில் திருவிழாவை நோம்பி என்றுதான் சொல்வார்கள். நோம்பி முடிந்துதான் பரீட்சை, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்து, நோம்பி ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. பரீட்சை நாளும் மாவிளக்கு எடுக்கிற நாளும் ஒன்றாக வந்து நின்றன. அதிலும் நிவேதாவுக்கு முந்தின வருடம் மஞ்சள்காமாலை வந்தபோது, பிழைத்து எழுந்தால் அவள் கையாலேயே மாவிளக்கு எடுக்க வைக்கிறேன் என்று செல்வி வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்காகப் பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு, காப்பு, கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று முருகேசன் போனில் சொன்னபோது அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

அப்போது என்னோடு பிரவீன் என்று ஒரு பையன் வேலை செய்தான். உங்களை மாதிரி, படிப்பு முடித்த கையோடு வந்தவன். மைசூர்த் தமிழன், தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுவான். தங்கமான பையன், ஆனால் சட்டப் புத்தகத்தை நாக்கு நுனியில் வைத்திருப்பான். "நான் போய் கூட்டிட்டு வந்துடறேன் மேடம்" என்று சனிக்கிழமை காலையில் தன் அக்கா வீட்டுக்காரரின் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மத்தியானம் போன் வருகிறது.

"மேடம், ஸ்வல்பம் சீக்கிரம் வாங்க. இங்க பூரா கலாட்டா ஆயிடுச்சு."

"என்னப்பா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். பிள்ளையப் படிக்க விடாம தடுக்கறது குத்தம்னு சொன்னேன். இது மூடநம்பிக்கைன்னு சொன்னேன். போலீசுக்குச் சொல்ல வேண்டி வரும்னு..."

"ஒண்ணும் பண்ணலையா!" என்று கத்திவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

இது நம் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு, நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்காரர் போயிருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார். நமக்குத்தான் பிள்ளைகளின் உரிமை அத்தனையும் மனப்பாடம். அதை ஒப்பித்துவிட்டால் கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கொள்ளேகால் போய், ஹனூர் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் முன்னால் கம்பம் நட்டு, வேப்பிலை கட்டி, ஊரே கூடியிருக்கிறது. நடுவில் வேன். வேனுக்குள் பிரவீன், திருடனைப் பிடித்து வைத்த மாதிரி. வேன் சாவி பூசாரியின் இடுப்பில். பூசாரி என்றால் தாடி வைத்த கிழவர் என்று நினைக்காதீர்கள். நாற்பது வயதிருக்கும், கரும்புக்காடு வைத்திருக்கிறவர், சட்டைப்பையில் இரண்டு போன், குரல் மைக் இல்லாமலே நாலு ஊருக்குக் கேட்கும்.

"வாங்கோ! நீங்களும் போலீசக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"எனக்கே பஸ்ஸுல நிக்க எடமில்லைங்க. போலீச எங்க உக்கார வெக்கறது?" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. பூசாரி சிரிக்கவில்லை, ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது. அது போதும் எனக்கு. ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.  விடிந்தால் பரீட்சை! ஆனாலும் பரீட்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"சாமி, எனக்குத் தெரியாது, அதனால கேக்கறேன். காப்புக் கட்டினவங்க என்னென்ன செய்யக் கூடாது?"

"ஊரை விட்டுப் போவக் கூடாது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பூசாரிக்கு வந்ததே கோபம். "நீ சித்த சும்மா இருடா! போவக் கூடாதுன்னு உனக்கு ஆரு சொன்னா? காட்டுக்குப் போவாம, சந்தைக்குப் போவாம எப்புடிப் பொழைக்கறது?" என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பொழுது எறங்கறப்ப ஊர் எல்லைக்குள்ள இருக்கோணும். காப்பை அவுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. வெளிய சோறு திங்கக் கூடாது. அவ்வளவுதானுங்க."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது! இத்தனை நாளும் எங்கள் பள்ளியிலும் சரி, முருகேசன் வீட்டிலும் சரி, ஏன் இப்படி ஒரு வழக்கம் என்றுதான் எல்லாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோமே தவிர, வழக்கம் சரியாக என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் எதிராளி தன் சாமிக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார். என்ன என்று கேட்டால் விளக்க ஆரம்பிப்பார். விளக்குகிறவரோடு பேசலாம்.

"அப்ப, பொழுது எறங்கறதுக்குள்ள புள்ளையக் கொண்டாந்து எல்லைக்குள்ள விட்டுட்டா?"

 கூட்டத்தில் சலசலப்பு. அத்தனை தூரம் போய்விட்டு எப்படி வருவது, வராவிட்டால் ஊருக்கு ஆகாது, ஒரு பிள்ளைக்காக நோம்பியைக் கெடுப்பதா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்போதுதான் செல்வி முன்னால் வந்தாள். அதுவரை மாவு இடித்துக்கொண்டிருந்தவள், கையெல்லாம் வெள்ளை.

"சாமி, காப்புக் கட்டுனதும் அவளுக்குத்தானுங்க, பரீச்சையும் அவளுக்குத்தானுங்க. இதுல நான் எதை உட்டுப்போட்டு எதைப் புடிக்கட்டும்? நீங்களே சொல்லுங்கோ" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

பூசாரி கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம், "நேரத்துக்கு வரலீன்னா?" என்றார்.

அந்த நொடியில் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பயிற்சியும் சொல்லித்தராது. "வரலைன்னா எங்க ஆளுங்க யாரும் இனிமே இந்த ஊருக்குள்ள கால் வெக்க மாட்டோம்" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்த ஊரிலிருந்து மைசூருக்கு வரும் அத்தனை பிள்ளைகளின் படிப்பையும் ஒரு ஆம்னி வேன் மேல் பந்தயம் வைத்துவிட்டேன்! ஆனால் அவர்களுக்கு நோம்பி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக நாமும் ஒன்றை வைத்தால்தானே நம் பேச்சுக்கு மதிப்பு? பூசாரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பிரவீன் கையில் கொடுத்தார். "பாத்து ஓட்டு தம்பி. நம்ம புள்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பிரவீன் ஓட்ட, பக்கத்தில் முருகேசன், பின்னால் நானும் நிவேதாவும். செல்வி கட்டிக்கொடுத்த தயிர்சோற்றுத் தூக்குப்போசியை நிவேதா மடியை விட்டு இறக்கவில்லை. டி.நரசீபுரத்தில் பிரவீன் போண்டா வாங்கித் தின்றபோது, "அண்ணா, எனக்கு ஆசை காட்டாதீங்க, மாரியாத்தா கண்ணக் குத்திடுவா" என்றாள். பிரவீன் பாதிப் போண்டாவோடு விழித்தான். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை அப்படிச் சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

பரீட்சை நடக்கிற பள்ளி வாசலுக்கு நல்ல நேரத்திலேயே வந்துவிட்டோம். அங்கேதான் காத்திருந்தது வினை. வாசலில் கண்காணிப்பாளர், கையில் கத்தரிக்கோல். பிள்ளைகளின் கையில் கட்டியிருக்கிற கயிறு, மணி, எதுவும் உள்ளே போகக் கூடாதாம். நிவேதாவின் கையைப் பிடித்துவிட்டார்.

"இதை அறுத்துட்டு உள்ள போம்மா."

நிவேதா கையை வெடுக்கென்று பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். முகம் செத்துப்போய்விட்டது. முருகேசன் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிரவீனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தான், மூடினான், என்னைப் பார்த்தான். முந்தின நாள் பாடம் வேலை செய்தது!

எனக்கு மட்டும் கோபம் வரவில்லையா? வந்தது. எல்லாருக்கும் ஒரே விதி என்கிறார். மைசூரிலேயே இருக்கிற பிள்ளை போன வாரமே கயிற்றை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு அந்தக் கயிறு அறுந்தால் ஊரில் அவள் அம்மா தலை நிமிர முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே கத்தரிக்கோலை நீட்டுவதற்குப் பெயர் சமத்துவம் என்று அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்புகிறார். நியாயமாக ஒரு மேடை போட்டுப் பேசியிருப்பேன். ஆனால் மணி அடிக்கப் போகிறது. பேசி ஜெயித்தால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும், அவளுக்குப் பரீட்சை போய்விடும்.

"சார், இந்தக் கயிறு உள்ள போனா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கன்னடத்தில் கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கயித்துல பிட்டு இருந்துச்சுன்னு நாளைக்கு எவனாவது கெளப்பி விட்டா என் வேலை போயிடும், மேடம். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

பாவம், அவரும் ஒரு காப்புக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார்! "அப்படின்னா நீங்களே அவுக்காம சுத்திப் பாருங்க. பாத்துட்டு, மேல டேப்பைச் சுத்தி, டேப்பு மேல உங்க கையெழுத்தைப் போடுங்க. பரீட்சை முடியறப்ப டேப்பு கிழிஞ்சிருந்தா இவ பேப்பரைத் தள்ளிடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றேன்.

வினாத்தாள் கட்டு ஒட்டுகிற டேப் அவர் மேசையிலேயே இருந்தது.  நிவேதா மெல்ல முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து அவரிடம் தானே நீட்டினாள். அவர் கத்தரிக்கோலால் டேப்பைத்தான் வெட்டினார். நாலு சுற்று சுற்றி, மணிக்கட்டில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, "நல்லா எழுதும்மா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். மணி அடித்தது. நான் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு முடிந்தது. டேப்பை அவர் சரிபார்த்ததும் பிள்ளை ஓடி வந்தாள், வேன் பறந்தது! எப்படி எழுதினாய் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முருகேசன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாகப் பொழுதையே பார்த்துக்கொண்டு வந்தார். கொள்ளேகாலுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே அச்சு முறிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். பிரவீன் இறங்கி ஓடினான். அவன் அங்கே கையெடுத்துக் கும்பிட்டதையும், கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கெஞ்சியதையும் பார்த்தேன். சட்டம் ஒரு வரி பேசவில்லை! நாலைந்து பேர் சேர்ந்து சிதறிக் கிடந்த கரும்பை ஒதுக்கி, ஒரு ஆம்னி நுழைகிற அளவுக்கு வழி செய்து கொடுத்தார்கள்.

ஹனூர் தாண்டினதும் பூசாரி போன்.

"எங்க வாரீங்க?"

"வந்துட்டே இருக்கோம் சாமி."

"பொழுது கரட்டு மேல நிக்குது. வெரசா வாங்கோ!"

கொஞ்ச தூரத்தில் மறுபடி போன். "பாதி எறங்கிருச்சு! எங்க வாரீங்க?" நேற்று சாவியைப் பிடுங்கி வைத்தவர், இன்று எங்களைவிடப் பதறுகிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வளைவு திரும்பினால், ஊர் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் மேளக்காரர்களோடு கூட்டம் நிற்கிறது! மாவிளக்கு ஊர்வலத்தை அந்த வருடம் எல்லையிலிருந்தே தொடங்கலாம் என்று பூசாரி எல்லாரையும் கிளப்பிக் கூட்டி வந்துவிட்டிருக்கிறார். வேன் கல்லைத் தாண்டி நின்றது. கரட்டு மலைக்குப் பின்னால் சூரியன் தெரியவில்லை. "எறங்கிருச்சே" என்றார், நேற்று பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஆள்.

"ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா? கரட்டு மேல செவப்பு நிக்குதில்ல? செவப்பு நின்னா எறங்கலைன்னுதான் அர்த்தம். அடிங்கடா மேளத்த!" என்றார் பூசாரி.

செல்வி பிள்ளையிடம் ஓடி வந்து முதலில் கையைப் பிடித்துப் பார்த்தாள். காப்பு இருந்தது, மேலே டேப்பும் பச்சைக் கையெழுத்தும் இருந்தன. பூசாரி குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதென்ன, ஆரு கையெழுத்து?"

"பரீட்சை ஆபீசர் கையெழுத்துங்க, சாமி" என்றாள் நிவேதா.

பூசாரி டேப்பைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். "இருக்கட்டும். ஆத்தா படிச்சுக்குவா" என்று சொல்லி மாவிளக்குத் தட்டை அவள் தலையில் வைத்தார். மேளம் கொட்ட, பச்சைக் கையெழுத்துப் போட்ட கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பிரவீன் வேன் மேல் சாய்ந்து நின்று குழந்தை மாதிரி அழுதான். நான் மட்டும் என்ன, அவன் கர்ச்சீப்பைத்தான் பிடுங்கித் துடைத்துக்கொண்டேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது, பிள்ளைகளா! முருகேசனும் செல்வியும் குடகுக்குப் போனார்கள். அவள் போகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு. போன் செய்தால் கன்னடத்தில்தான் ஹலோ சொல்வாள், என் குரல் என்று தெரிந்ததும் தமிழுக்குத் தாவுவாள்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது அது இல்லை. அடுத்த வருடம், தை மாதம் இருக்கும், நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், போன் வருகிறது. மைக் இல்லாமலே நாலு ஊருக்குக் கேட்கிற அதே குரல்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? நோம்பிக்கு நாள் குறிக்க ஊரே கோயில்ல உக்காந்திருக்கோம். இந்த வருசம் எங்கூர்ல ஆறு புள்ளைக பரீச்சை எழுதுதுங்க. பரீச்சை என்னைக்குன்னு சொன்னீங்கன்னா அந்த நாளை உட்டுப்போட்டு நோம்பி வெச்சுக்குவோம். சாமிகிட்டயும் கேட்டாச்சு, பூ வலப்பக்கம் விழுந்துருச்சு, ஆத்தாளுக்குச் சம்மதந்தான்."

நான் அவசர அவசரமாகப் பரீட்சை நடத்துகிற அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தேதி கேட்டேன். தேதி இன்னும் முடிவாகவில்லையாம். மேலே கேட்டிருக்கிறார்களாம், அங்கிருந்து பதில் வரவில்லையாம்.